மீன் தொட்டி மணலைத் துலக்கும் வடிகுழாய்
வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் அதன் தத்துவமும்

கைத்தறி நெசவாளர் இல்லங்களிலும் உழவர் இல்லங்களிலும் உபதொழிலுக்கு என்றும் இடமுண்டு. குழித்தறியில் நீர் ஊறி நெசவு நின்றுபோகும் மழை நாட்களிலும், அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைப்பட்ட நாட்களிலும் வீட்டுச் செலவைத் தாங்குவது உபதொழிலே. கறவை மாடு, ஆடு, கோழி என்னும் பழைய வரிசையில் அலங்கார மீன் வளர்ப்பும் இப்பொழுது சேர்ந்துள்ளது. சென்னையின் வடபகுதியிலுள்ள கொளத்தூர் இத்தொழிலால் பெயர் பெற்ற இடம் என்பதை அன்பர்கள் பலரும் அறிவர். 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் அலங்கார மீன் வளர்க்கும் சிறு அலகுகளுக்கும் உதவி சேர்க்கப்பெற்றது.

இத்தொழிலில் புதிதாக இறங்கும் அங்கத்தினர் தொட்டியின் அளவையும் மீனின் விலையையும் நன்கு விசாரிக்கின்றனர், தீவனத்தையும் விசாரிக்கின்றனர். தொட்டியின் அடியில் கிடக்கும் மணலைப் பற்றி மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை. ஆனால் மீன்கள் ஒரே வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும்பொழுது, காரணம் பலமுறை அம்மணலிலேயே இருக்கின்றது. கடன் பெற்று வாங்கிய தொட்டியாயின், மீன் செத்துவிட்டது என்பதற்காகத் தவணை நின்றுவிடாது. ஆதலின் மணலைத் துலக்கும் முறையைக் கற்பது இத்தொழிலின் முதற் பாடமாகும். அதற்கு வேண்டிய கருவியை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலையும் இரண்டரை மீட்டர் குழாயையும் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கருவியைச் செய்தல் எளிது. அதன் அளவை அறிந்து செய்தலே முக்கியம்.

1. மணலில் தங்குவது யாது?

மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீவனமும், அழுகிய செடியிலையும் நீரில் மெல்ல இறங்கி மணலின் இடுக்குகளில் தங்குகின்றன. அவை அழுகும்பொழுது அம்மோனியா உண்டாகின்றது. மீன் தன் செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியிடுகின்றது. இப்பொருள் மீனுக்கு நஞ்சு. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடுந்தோறும் இந்நஞ்சின் கடுமையும் கூடும். கோடை மாதங்களில் சாவு மிகுவதற்கு இஃது ஒரு காரணமாகும்.

ஆயினும் இயற்கை ஒரு மாற்றையும் வைத்திருக்கின்றது. மணற்பரல்களின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ்கின்றன. அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. உழவர் பெருமக்களுக்கு இது புதிய செய்தியன்று. வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகிப் பின்னர் நைட்ரேட்டாகிப் பயிருக்கு உணவாவதும் இத்தகைய பாக்டீரியாக்களின் வேலையே. ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டை ஒட்டி இவற்றை மண்ணிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். வயலில் உரத்தைப் பக்குவம் செய்யும் அதே தொழிலாளிகள், தொட்டியில் நஞ்சை முறிக்கும் தொழிலாளிகளாக இருக்கின்றனர்.

2. முழுதும் கழுவுதல் ஏன் கூடாது?

பலர் செய்யும் முறை இது: மாதம் ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றுவர், தொட்டியைக் கவிழ்ப்பர், மணலை அள்ளிக் குழாயடியில் வைத்து அரிசி களைவது போலப் பலமுறை களைவர், புதுநீர் நிரப்பி மீன்களை விடுவர். தொட்டி பளிங்கு போல விளங்கும். மூன்றாம் நாளோ, ஒரு வாரத்திலோ மீன்கள் சோர்ந்து மேற்பரப்பில் வாயைத் திறந்து நிற்கும். மீன் விற்றவர்மேல் பழி விழும்.

உண்மையில் நேர்ந்தது வேறு. குழாய் நீரிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றது. எஞ்சியவற்றைக் கைகள் தேய்த்து அகற்றின. அழுக்கோடு தொழிலாளிகளும் வெளியேறிவிட்டனர். அவர்கள் மீண்டும் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடும் அம்மோனியாவை முறிப்பாரில்லை.

ஆதலின் மணல் தன் இடத்திலேயே இருக்க வேண்டும்; அதனிடையே உள்ள அழுக்கு மட்டும் வெளியேற வேண்டும்; அதுவும் ஒரே நாளில் முழுதும் வெளியேறலாகாது. இம்மூன்றையும் செய்து தருவது மணல் வடிகுழாய்.

(இனப்பெருக்கத் தொட்டிகளில் மணல் இடாதிருப்பதே பலரது வழக்கம். அங்கு வெறுங் குழாயே போதும். இக்கட்டுரை மணலும் செடியும் உள்ள தொட்டிகளைப் பற்றியது.)

3. நீரைத் தள்ளுவது எது?

கடைகளில் இதனை உறிஞ்சும் கருவி என்று சொல்லி விற்பர். இது மின்சாரத்தால் உறிஞ்சுவதன்று. நீர் நிரம்பிய குழாயின் ஒரு முனை தொட்டி நீருக்குள்ளும், மறுமுனை தொட்டி நீர்மட்டத்திற்குக் கீழேயும் இருக்குமாயின், வெளிப்புறத்தில் தொங்கும் நீரின் எடை கீழ்நோக்கி இழுக்கும். தொட்டி நீரின்மேல் அழுந்தும் காற்று, புது நீரைக் குழாய்க்குள் தள்ளும். காற்றுக்கு எடையுண்டு என்பதை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயால் விளக்கினார். காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரமான நீரைத் தாங்கவல்லது. ஆகவே ஓரடி உயரமுள்ள தொட்டியின் விளிம்பைத் தாண்டி நீரை ஏற்றுவது அதற்குப் பெரிதன்று.

நீரோட்டத்தின் வேகம், தொட்டியின் நீர்மட்டத்திற்கும் குழாயின் வெளிமுனைக்கும் உள்ள உயர வேற்றுமையைப் பொறுத்தது. அவ்வேற்றுமையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் ஓட்டம் ஏறக்குறையப் பாதியாகும். வாய்க்காலிலிருந்து கரையின்மேல் வளைகுழாயிட்டுப் பாத்திக்கு நீர் விடுபவர் இதனைக் கண்கூடாக அறிவர்.

4. மணல் ஏன் வெளியேறுவதில்லை?

பாடத்தின் உயிர்நிலை இதுவே. வெறுங் குழாயை மணலுக்குள் நட்டால் மணலும் அழுக்கும் சேர்ந்தே வெளியேறும். குழாயின் முனையில் அகன்ற பாட்டிலைப் பொருத்தினால் அழுக்கு வெளியேறும். மணல் உள்ளேயே விழும். காரணம் என்ன?

களத்தில் நெல் தூற்றுவதை நினைவு கொள்க. காற்று மிக மெல்ல வீசினால் பதர் பறக்காது. புயலாக வீசினால் நெல்லும் பறக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட காற்றே பதரைப் பிரிக்கும். இங்கு நீரே காற்று, அழுக்கே பதர், மணலே நெல். நீர் மேலேறும் வேகம், அழுக்கு கீழிறங்கும் வேகத்தைவிட மிகுதியாகவும், மணல் கீழிறங்கும் வேகத்தைவிடக் குறைவாகவும் இருத்தல் வேண்டும்.

ஒரே அளவு நீர் குறுகிய வழியில் விரைந்தும் அகன்ற வழியில் மெல்லவும் செல்லும். 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரை லிட்டர் பாட்டிலின் பரப்பு ஏறக்குறைய 33 சதுர சென்டிமீட்டர். பாட்டில் குழாயைப்போல் ஏறத்தாழ 29 மடங்கு அகன்றது. ஆகவே குழாயில் வினாடிக்கு 126 சென்டிமீட்டர் பாயும் நீர், பாட்டிலுக்குள் வினாடிக்கு 4.3 சென்டிமீட்டரே ஏறும். அவ்வேகத்தில் மணல் சற்று எழும்பிப் புரண்டு மீண்டும் விழும். இலேசான அழுக்கு மட்டும் மேலேறிக் குழாயை அடையும்.

5. வேண்டிய பொருள்கள்

(அ) வழவழப்பான பக்கங்களையுடைய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், மூடியுடன். ஒரு லிட்டர் பாட்டிலும் உதவும். இரண்டு லிட்டர் பாட்டில் மிக அகன்றது. அதனுள் நீர் மிக மெல்ல ஏறுவதால் கனத்த அழுக்கு எழும்பாது.

(ஆ) 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள, உட்புறம் தெரியும் பிளாஸ்டிக் குழாய், இரண்டரை மீட்டர். அழுக்கு செல்வது கண்ணுக்குத் தெரிதல் நலம்.

(இ) துளையிடக் கம்பி, கூரிய கத்தி, இடுக்கி, உப்புத்தாள்.

(ஈ) இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு வாளி.

இங்கு ஓர் எச்சரிக்கை. உழவர் வீட்டில் மருந்து தெளிக்கும் கருவியின் பழைய குழாய் கிடக்கும்; பூச்சி மருந்து பாட்டிலும் கிடக்கும். நெசவாளர் வீட்டில் சாயம் கலக்கிய வாளியும், நூல் வெளுக்கும் மருந்து வைத்த டப்பாவும் கிடக்கும். எத்தனை முறை கழுவியிருப்பினும் இவற்றைத் தொடலாகாது. பூச்சி மருந்தில் ஒருசில வகை, மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். சோப்பு பட்ட வாளியும் ஆகாது. சிக்கனம் என்பது கிடைத்ததை எல்லாம் பயன்படுத்துவதன்று.

6. செய்முறை

முதலாவது, பாட்டிலின் அடிப்பாகத்தைக் கத்தியால் நேராக அறுத்து நீக்குக. எஞ்சும் உடல் 15 முதல் 18 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். இந்நீளம் வீணன்று. பாட்டிலின் கழுத்து குறுகியது. அங்கு நீரின் வேகம் ஏறக்குறைய ஒன்பது மடங்காகின்றது. கழுத்தை எட்டிய மணல் திரும்பி விழாது. எனவே மணல் புரண்டு விழுவதற்குப் போதிய உயரம் வேண்டும்.

இரண்டாவது, அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குக. கூரிய விளிம்பு மீனின் செதிலையும் செடியின் வேரையும் கிழிக்கும்.

மூன்றாவது, மூடியின் நடுவில் துளையிடுக. குழாயின் வெளிவிட்டத்தைவிடத் துளை ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். காய்ச்சிய கம்பியால் துளையிடுபவர் வாசலில் அமர்ந்து செய்க, அப்புகையை முகரலாகாது.

நான்காவது, குழாயின் ஒரு முனையைச் சாய்வாகச் சீவிச் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து மென்மையாக்குக. மூடியின் மேற்புறமிருந்து செருகி, உட்புறமிருந்து இடுக்கியால் இழுத்துக்கொள்க. பின்னர்ச் சாய்ந்த முனையை நேராக வெட்டி, உள்ளே ஒரு சென்டிமீட்டர் மட்டும் நிற்கச் செய்க. குழாய் ஆறியதும் துளையை இறுகப் பற்றிக்கொள்ளும், பசை வேண்டியதில்லை. பாட்டிலின்மேல் சுடுநீர் படலாகாது; அது சுருங்கிக் கோணும்.

ஐந்தாவது, மூடியைப் பாட்டிலில் திருகுக. கருவி முடிந்தது. சிறு மீன்கள் உள்ள தொட்டியாயின், வெங்காயப் பையின் வலையில் ஒரு துண்டை மூடிக்கும் கழுத்துக்கும் இடையே வைத்துத் திருகுக. கொசுவலை மிக நெருக்கமானது, விரைவில் அடைத்துக்கொள்ளும்.

மூடியின் இணைப்பில் சிறு கசிவு இருப்பினும், இணைப்பு நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை கேடில்லை. இணைப்பு நீர்மட்டத்திற்கு மேலே வந்தால் அதன் வழியே காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும்.

7. அளந்து பார்த்தல்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. ஆகவே பயன்படுத்தும் முன்னர் மூன்று அளவுகளைக் காண்க. கடிகாரமும் 10 லிட்டர் வாளியுமே போதும்.

முதல் அளவு, மணலின் வேகம். காற்று மோட்டாரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஒட்டிச் சில மணற்பரல்களை மட்டும் நீர்மட்டத்தில் விடுக. மணலுக்கு மேல் நீர் 26 சென்டிமீட்டர் இருந்து, பரல் அடியைத் தொட 2 வினாடி ஆனால், அதன் வேகம் வினாடிக்கு 13 சென்டிமீட்டர்.

இரண்டாம் அளவு, அழுக்கின் வேகம். மணலை மெல்லக் கிளறி எழும் அழுக்கைச் சிறு கிண்ணத்தில் முகந்து, அவ்வாறே மேலிருந்து விடுக. அடியைத் தொட 10 வினாடி ஆனால் வேகம் 2.6 சென்டிமீட்டர்.

மூன்றாம் அளவு, நீரின் வேகம். வேறொரு பாத்திரத்தில் நீர் வைத்து, வடிகுழாயை இயக்கி, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று பார்க்க. 70 வினாடி ஆயின், வினாடிக்கு 143 கன சென்டிமீட்டர். அதனைப் பாட்டிலின் பரப்பாகிய 33-ஆல் வகுக்க 4.3 சென்டிமீட்டர் கிடைக்கும்.

இப்பொழுது மூன்றையும் ஒப்பிடுக. 4.3 என்பது 2.6-ஐவிடப் பெரிது, 13-ஐவிட மிகச் சிறிது. ஆகவே அழுக்கு ஏறும்; மணல் தங்கும். மூன்றாம் அளவு, முதல் அளவில் பாதியைத் தாண்டாதவாறு பார்த்துக்கொள்வது நன்று. தாண்டினால் வாளியை ஒரு முக்காலியின்மேல் உயர்த்தி வைக்க. அல்லது குழாயை விரலால் சற்று நசுக்கிப் பிடிக்க. அழுக்கு எழும்பாவிடின் வாளியைத் தாழ்த்துக.

மாவு போன்ற பொடிமணலாயின் மணலும் அழுக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். அங்கு இக்கருவியாலும் பிரிக்க இயலாது. பாட்டிலை மணலுக்குள் நடாமல், இரண்டு விரற்கடை உயரத்தில் பிடித்து மேலே கிடக்கும் அழுக்கை மட்டும் வடிக்க வேண்டும். புதிதாக மணல் வாங்குவோர் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்றுமணற் பரல்களைச் சலித்து எடுத்துக்கொள்வது இதனாலேயே நன்று. மணலின் கனம் நான்கு சென்டிமீட்டர் அளவில் இருத்தல் போதும். மிகக் கனமான மணலின் அடியில் காற்று எட்டாது கறுத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு தங்கும்.

8. இயக்கும் முறை

மின்சாரத்தில் இயங்கும் காற்று மோட்டார், வடிகட்டி ஆகியவற்றை நிறுத்துவதோடு பிளக்கையும் பிடுங்கி வைக்க. வெப்பக் கம்பி உள்ள தொட்டியாயின் அது ஆறும்வரை பொறுக்க வேண்டும். நீர் இறங்கி அது வெளியே தெரிந்தால் வெடிக்கும்.

குழாயின் வெளிமுனையை வாளியில் வைக்க. பாட்டிலைத் தொட்டிக்குள் வாய் மேல்நோக்க அமிழ்த்தி நீர் நிரப்புக. நிரம்பியதும் தொட்டியின் விளிம்புக்கு மேலே தூக்குக. நீர் குழாய்க்குள் இறங்கி ஓடும். பாட்டில் பாதி காலியாகும் முன்னரே மீண்டும் நீருக்குள் அமிழ்த்துக. ஓட்டம் தொடர்ந்து நடைபெறும். நீருக்குள்ளேயே பாட்டிலைக் கவிழ்த்து மணலுக்குக் கொண்டு செல்க.

வாயால் உறிஞ்சித் தொடங்குவது கூடாத பழக்கம். தொட்டி நீரில் மனிதருக்கு நோய் தரும் கிருமிகளும் இருக்கக்கூடும். தோலில் ஆறாத கட்டியை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி, மீன் தொட்டி நீரிலிருந்து கைப்புண் வழியே உடலில் புகும். நாடாவும் நூலும் அறுத்த விரல்களையுடைய நெசவாளரும், கதிர் அறுத்துக் கீறிய கையையுடைய உழவரும் கையுறை அணிந்து செய்க. முடிவில் சோப்பிட்டுக் கைகழுவுக.

பாட்டிலை மணலுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நடுக. மணல் உள்ளே எழும்பிச் சுழலும்; அழுக்கு புகை போல மேலேறும். மணல் பாட்டிலின் பாதியளவு எழும்பினால் குழாயை நசுக்குக. அது விழுந்ததும் விடுக. ஓரிடத்தில் 5 வினாடி போதும். பின்னர்த் தூக்கி அடுத்த இடத்தில் நடுக. செடியின் வேரருகில் நட வேண்டா.

எவ்வளவு வடிப்பது? இதற்கும் கணக்குண்டு. 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீர் உள்ள தொட்டியில் மணல் போக ஏறக்குறைய 50 லிட்டர் நீர் இருக்கும். ஒரே சமயத்தில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் மாற்றாதிருத்தல் நலம். அதாவது 12 லிட்டர். மேற்கண்ட வேகத்தில் 12 லிட்டர் வடிய 84 வினாடியே ஆகும். இடத்திற்கு 5 வினாடியாக 16 அல்லது 17 இடங்களைத் துலக்கலாம். தொட்டியின் அடிப்பரப்பு 1800 சதுர சென்டிமீட்டர். பாட்டிலின் வாய் 33. எனவே முழுப்பரப்பிற்கு 54 இடங்கள். ஆக, ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்கே துலங்கும்.

இது குறையன்று, நிறையே. அடிப்பரப்பை மனத்தில் மூன்று பாத்தியாகப் பிரித்துக்கொண்டு வாரம் ஒரு பாத்தியாகத் துலக்கினால், மூன்று வாரத்தில் முழுதும் ஒரு சுற்று வரும். எந்த வாரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மணல் தொடப்படாது நிற்கும். நஞ்சு முறிக்கும் தொழிலாளிகளுக்கு இடையூறு நேராது.

வடித்த அளவு புதுநீரை மெல்ல ஊற்றுக. குழாய் நீராயின் வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமைன் கலந்த நீரில் அது நீங்காது; அதற்குரிய குளோரின் முறிப்பு மருந்தைச் சீட்டில் கண்ட அளவில் இடுக. புதுநீரின் வெப்பம் தொட்டி நீரை ஒத்திருக்க வேண்டும்.

9. வடிகுழாய் தானாக நிற்பதில்லை

இக்கருவிக்கு அறிவில்லை. வாளி நிரம்பினாலும் நில்லாது. தொட்டி வற்றும் வரை ஓடும். கதவு தட்டுகிறார் என்று எழுந்து போனவர் திரும்பி வரும்பொழுது தரையில் நீரும் தொட்டியில் துடிக்கும் மீனும் இருக்கும். குழாய் கையில் உள்ளவரை இடம் பெயரலாகாது. நிறுத்த வேண்டின் பாட்டிலை நீருக்கு வெளியே எடுத்துவிடுக.

இதே தத்துவம் நாம் அறியாமலும் செயற்படும். காற்று மோட்டாரைத் தொட்டியின் நீர்மட்டத்திற்குக் கீழே வைத்திருப்பவர் பலர். மின்சாரம் நின்றவுடன் காற்றுக் குழாயில் நீர் பின்னேறி, அச்சிறு குழாயே வடிகுழாயாகிவிடும். நீர் மோட்டாருக்குள் இறங்கும். மின்சாரம் திரும்பும்பொழுது மோட்டார் எரியலாம், தொடுபவருக்கு அதிர்ச்சியும் நேரலாம். மோட்டாரை நீர்மட்டத்திற்கு மேலே ஒரு பலகையில் வைக்க. அல்லது காற்றுக் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துக.

தொட்டியைத் துலக்க ஒரு மீன் உண்டென்று சொல்லி, சக்கர் எனப்படும் கறுத்த மீனை விற்பர். அது பாசியை மேயுமேயன்றி மணலின் அழுக்கை உண்ணாது. தானும் மிகுந்த கழிவு விடும். பெரிதாக வளர்ந்ததும் அதனைக் குளத்தில் கொண்டு விடுவோர் உளர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் இவ்வாறே தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பரவி, உள்நாட்டு மீன்களுக்கு இடையூறாயிற்று. அதனைக் குளத்தில் விடற்க.

10. வடித்த நீரும் பதிவேடும்

வடித்த நீரில் நைட்ரேட்டும் வேறு சத்துகளும் உள்ளன. வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் அது நல்ல உணவு. தொட்டியில் உப்போ மருந்தோ கலந்திருந்தால் மட்டும் பயிருக்கு விட வேண்டா. எந்நிலையிலும் வாய்க்காலிலும் ஏரியிலும் ஊற்றற்க. மீன் முட்டையும் அயல்நாட்டு நத்தையும் அதனோடு சென்றுவிடும்.

பல தொட்டிகள் வைத்திருப்போர், நோயுற்ற தொட்டிக்கென்று தனி வடிகுழாய் செய்துகொள்க. பாட்டிலுக்குச் செலவில்லை, நோய் பரவினால் செலவுண்டு. பயன்படுத்தியபின் நல்ல நீரில் அலசி, வெயிலில் முற்றும் உலர்த்தி வைக்க.

கூட்டுறவு இன்ஸ்பெக்டர் எழுதும் பாடத்தில் பதிவேடு இல்லாமற் போகாது என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் நான்கு கட்டங்கள் இட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்: தேதி, துலக்கிய பாத்தி, மாற்றிய நீரின் அளவு, செத்த மீனின் எண்ணிக்கை. மூன்று மாதம் எழுதிவந்தால், சாவு எந்த வேலையைத் தொடர்ந்து வருகின்றது என்பது தானே விளங்கும். புதிய தொட்டிக்குக் கடன் கேட்டு வரும்பொழுது, அந்நோட்டைக் கையில் கொண்டுவரும் அங்கத்தினர் தம் தொழிலை அறிந்தவர் என்று நிர்வாகக் குழுவினர் தெளிவர்.

மகளிர் அங்கத்தினர் பலர் இத்தொழிலை மேற்கொண்டுள்ளனர். சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒருவர் செய்து காட்டப் பத்துப்பேர் செய்துகொண்டால், அவ்வூரில் கருவி விலைக்கு வாங்க வேண்டியவர் எவருமிரார். சிறு செலவைப் பலர் கூடி மிச்சப்படுத்துவதும், ஒருவர் அறிந்ததைப் பலர் அறியச் செய்வதும் கூட்டுறவின் அடிப்படையே அன்றோ!

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. மணல் முழுவதையும் குழாய் நீரில் கழுவிய தொட்டியில் சில நாட்களுக்குப் பின் மீன் சாவது ஏன்?

2. வடிகுழாயில் 10 லிட்டர் வாளி 100 வினாடியில் நிரம்புகின்றது. பாட்டிலின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். பாட்டிலுக்குள் நீர் ஏறும் வேகம் யாது? வினாடிக்கு 2.6 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும் அழுக்கை அது வெளியேற்றுமா? வெளியேற்றாவிடில் என்ன மாற்றம் செய்வீர்?

3. காற்று மோட்டாரை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டுவது ஏன்?

4. உங்கள் இல்லத்தில் இக்கருவிக்குப் பயன்படுத்தலாகாத வாளி, குழாய், பாட்டில் எவை எவை உள்ளன? பட்டியல் எழுதுக.